உலக வங்கியின் தரவுத்தளம்: எதற்கு நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும்

வளரும் நாடுகளின் வளர்ச்சி, வெளிநாட்டு வணிகம், அரசின் கொள்கை ஆகியவற்றை எண்களைக் கொண்டு ஆராய நினைப்பவர் யாராக இருந்தாலும் முதல் நாளே போய்ச் சேருகிற இடம் உலக வங்கியின் 'உலக வளர்ச்சிக் குறியீடுகள்' தரவுத்தளம். முதுகலை மாணவர்களின் பேரியல் பொருளாதார ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. அவர்களுடைய ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இந்தத் தளத்தின் எண்கள்மேல்தான் நிற்கின்றன. என் கட்டுரைகளும் அப்படித்தான். இவ்வளவு தூரம் நம்பியிருக்கிற ஒன்றை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு இணை இல்லை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு கணிப்பு, கணிப்புகள் திருத்தப்படும். திருத்தங்களின் வரலாற்றையும் இந்தத் தளம் சேர்த்தே வைத்திருக்கிறது. அதன் மிக உயர்ந்த பகுதி அதுதான். பயன்படுத்துகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்று இதை இலவசம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 2010 ஏப்ரல் வரை முழுத் தரவையும் பெறக் கட்டணச் சந்தா வேண்டும். பணம் கட்டக்கூடிய பல்கலைக்கழகத்தில் இருந்தவருக்குக் கதவு திறந்தது. எந்த நாடுகளைப் பற்றிய தரவோ அந்த நாடுகளின் சிறிய கல்லூரிகளில் இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். சுவீடனின் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் போன்றவர்கள் மக்கள் பணத்தில் திரட்டிய தரவு மக்களுக்கே திறந்திருக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார்கள். 2010-இல் உலக வங்கி கதவைத் திறந்தது. இப்போது 217 பொருளாதாரங்கள், 1960 முதல் தொடங்கும் ஆண்டு வரிசைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறியீடுகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்; எங்கும் பயன்படுத்தலாம். ஆர், ஸ்டேட்டா போன்ற மென்பொருள்களிலிருந்து நேராக எண்களை இழுத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டணச் சேவையையும் சில காலம் பயன்படுத்தினேன். பெயர் வேண்டாம். வரைபடங்கள் அழகாக இருந்தன. காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை. அதுவே என் சந்தேகத்தைக் கிளப்பியது. போர் நடந்த நாட்டுக்கும் போர் நடந்த ஆண்டுகளில் தசமப் புள்ளியோடு வளர்ச்சி வீதம் இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். 'எங்கள் உள் கணித மாதிரி' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதன் பிறகு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. உலக வங்கியின் அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டம் என் ஆய்வுக்கு இடைஞ்சல்தான். ஆனால் அது நேர்மையான காலி.

இனி நுணுக்கங்களுக்கு வருகிறேன்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று தேடினால் ஒரு வரிசை வராது, ஒரு குடும்பமே வரும். நடப்பு டாலரில் (அந்தந்த ஆண்டின் விலையில்) ஒன்று, நிலையான டாலரில் (விலையேற்றத்தை நீக்கி) ஒன்று, உள்நாட்டு நாணயத்தில் ஒன்று, வாங்கும் திறன் சமநிலையில் (நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைச் சரிசெய்து) நடப்பு விலைக்கு ஒன்று, நிலையான விலைக்கு ஒன்று. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. ஒரு நாடு காலப்போக்கில் எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்கு உள்நாட்டு நாணயத்தின் நிலையான விலை வரிசையை எடுங்கள். இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வாங்கும் திறன் சமநிலை. வெளிநாட்டுக் கடனை அடைக்கும் வலிமையைப் பேசும்போது மட்டும் நடப்பு டாலர் சரி. கடன் டாலரில்தான் இருக்கிறது. நாணய மதிப்பு சரிந்த ஆண்டில் நடப்பு டாலர் வரிசையைப் பார்த்து 'பொருளாதாரம் பாதியாகிவிட்டது' என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. வயலிலும் தொழிற்சாலையிலும் ஒன்றும் பாதியாகியிருக்காது.

அடுத்தது அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் துறைகளின் எடைகளையும் அளவுகோலாக வைத்து உற்பத்தியைக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வளரும் நாடுகளின் ஆய்வில் இதைவிடப் பெரிய பள்ளம் இல்லை. 2010 நவம்பரில் கானாவின் புள்ளியியல் அலுவலகம் தேசியக் கணக்குகளின் அடிப்படை ஆண்டை 1993-இலிருந்து 2006-க்கு மாற்றியது. அந்த ஒரே அறிவிப்பில் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 60 சதவீதம் கூடியது. 2014 ஏப்ரலில் நைஜீரியா 1990 என்ற அடிப்படை ஆண்டை 2010-ஆக்கியது. 2013-க்கான உற்பத்தி 89 சதவீதம் உயர்ந்து ஏறத்தாழ 51,000 கோடி டாலரானது. தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் பெரிய பொருளாதாரம் என்ற பட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு கென்யாவின் கணக்கும் சுமார் 25 சதவீதம் பெருத்தது.

இதில் மோசடி ஒன்றுமில்லை. 1990-இல் நைஜீரியாவில் கைபேசித் தொழில் இல்லை, திரைப்படத் துறை இன்றைய அளவில் இல்லை. பழைய எடைகளை வைத்துக் கணக்கிட்டவரை அவற்றின் பங்கு சரியாக ஏறவில்லை. திருத்தம் உண்மையை நெருங்கியது. ஆனால் ஆய்வாளருக்கு இதன் விளைவு என்ன? உற்பத்தியை வகுக்கும் எண்ணாக வைக்கிற எல்லா விகிதங்களும் ஒரே நாளில் சரிகின்றன. ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்த தொகையை உற்பத்தியால் வகுத்து 'திறந்த பொருளாதாரத்தின் அளவு' என்று பயன்படுத்துகிறோமே, அது நைஜீரியாவுக்கு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. ஒரு கப்பல்கூடக் குறையவில்லை, ஒரு சுங்க வரிகூட மாறவில்லை. வரி வருவாய் விகிதம் விழுந்தது, கடன் விகிதமும் விழுந்தது. கடன் விகிதம் குறைந்ததால் இன்னும் கடன் வாங்கலாம் என்று ஒரு அமைச்சகம் வாதிடலாம். வரி விகிதம் குறைந்ததால் வரியை உயர்த்த வேண்டும் என்று வேறொருவர் வாதிடலாம். இரண்டு வாதங்களும் ஒரே வகுக்கும் எண்ணிலிருந்து பிறந்தவை. கொள்கை ஆய்வு எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பது?

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன பகுதி கைகொடுக்கிறது. 'டேட்டாபேங்க்' என்ற பிரிவில் தரவுத்தளங்களின் பட்டியலைக் கீழே உருட்டிப் பாருங்கள். உலக வளர்ச்சிக் குறியீடுகளின் பழைய பதிப்புகளைத் தொகுத்த ஆவணக் காப்பகம் தனியாக இருக்கும். நாடு, குறியீடு, ஆண்டு ஆகியவற்றோடு 'எந்தப் பதிப்பு' என்ற நான்காவது தேர்வையும் அது தருகிறது. கானாவின் 2008-ஆம் ஆண்டு உற்பத்தி 2010 ஏப்ரல் பதிப்பில் என்ன, 2012 பதிப்பில் என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு அரசு அன்று எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்தது என்பதை அறிய இதுவே வழி. இன்றைய திருத்திய எண்ணை வைத்து அன்றைய நிதியமைச்சரைக் குறை சொல்வது நியாயமாகாது. என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுவே: ஏதாவது ஒரு வளரும் நாட்டை எடுத்து, ஒரே ஆண்டின் எண் வெவ்வேறு பதிப்புகளில் எப்படி நகர்கிறது என்று வரைந்து வரச் சொல்வேன். வரைந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு 'வளர்ச்சி 5.3 சதவீதம்' என்று தசமப் புள்ளியை நம்பி எழுதுவதில்லை.

வாங்கும் திறன் சமநிலைக்கும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். பல நாடுகளில் ஒரே பொருள்களின் விலைகளைத் திரட்டி ஒப்பிடும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் அவ்வப்போது நடக்கும் ஒரு பெரிய கணக்கெடுப்பு. அதன் 2005 சுற்றின் முடிவுகள் 2007 டிசம்பரில் வந்தபோது சீனப் பொருளாதாரத்தின் மதிப்பீடு சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதற்கு முன்பு சீனாவுக்கு இருந்த எண் முழுமையான விலைக் கணக்கெடுப்பில் வந்ததே அல்ல. அதையடுத்த மறுமதிப்பீட்டில் 2005-இல் உலகில் கடும் வறுமையில் இருந்தவர்கள் 140 கோடிப் பேர் என்றார்கள். அதற்கு முன்பு பேசப்பட்டது 100 கோடியை ஒட்டிய எண். 2011 சுற்றில் படம் மறுபடி திரும்பியது. வளரும் நாடுகள் பலவற்றின் அளவு கூடியது. 2021 சுற்றின் முடிவுகள் 2024 மே மாதம் வந்தன. அவற்றை ஒட்டி 2025 ஜூனில் வறுமைக்கோடு நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாறியது. 2022-க்கான உலக வறியோர் எண்ணிக்கை 71 கோடியிலிருந்து 83 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிந்து பல மாதங்கள் ஆன பிறகு நடந்த மாற்றம் இது! வறுமைப் பகுதிக்கென்று தனித் தளம் இருக்கிறது. பழைய வறுமைக்கோட்டையும் தேர்ந்தெடுக்கும் வசதியை அங்கே விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு என் மனமார்ந்த பாராட்டு.

காலியான கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். எரித்திரியாவின் உற்பத்தி 2011-ஓடு நிற்கிறது, வெனிசுவேலாவின் உற்பத்தி 2014-ஓடு. வட கொரியாவுக்கு உற்பத்தி எண்ணே இல்லை. மென்பொருள் இந்த நாடுகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு மீதியை வைத்து முடிவு சொல்லிவிடும். விட்டுப்போன நாடுகளோ போரும் பணவீக்கமும் ஆட்சிச் சிதைவும் கண்ட நாடுகள். 'மோசமான கொள்கை வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை' என்று முடிவு வந்தால், மிக மோசமான கொள்கையைக் கண்ட நாடுகள் ஆய்வுக்கு எடுத்த நாடுகளிலேயே இல்லை என்பதை முதலில் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் வேலைவாய்ப்புப் பகுதியில். அங்கே கட்டங்கள் நிரம்பியிருக்கும். தலைப்பில் 'பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாதிரி மதிப்பீடு' என்ற குறிப்பு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தொழிலாளர் கணக்கெடுப்பு நடக்காத ஆண்டுகளுக்கு அந்த அமைப்பு ஒரு கணித மாதிரியால் எண்ணை நிரப்புகிறது. அந்த மாதிரிக்குள் போகும் விவரங்களில் பொருளாதார வளர்ச்சியும் ஒன்று. அந்த வேலையின்மை எண்ணை எடுத்து, வளர்ச்சி வேலையின்மையைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்தால் என்ன நடக்கும்? உள்ளே போட்டதையே வெளியே எடுத்துவிட்டு கண்டுபிடிப்பு என்போம். நாட்டின் சொந்தக் கணக்கெடுப்பை மட்டும் கொண்ட வரிசையும் அதே தளத்தில் இருக்கிறது. ஓட்டைகள் அதிகம், ஆனால் இந்தக் கேள்விக்கு அதுதான் தகும்.

வருமானப் பிரிவுகளின் சராசரிகளை நான் வளர்ச்சி ஆய்வுக்குத் தொடுவதே இல்லை. குறை வருமான நாடுகள் என்ற பிரிவின் 1990-ஆம் ஆண்டு எண்ணைக் கேட்டால், இன்றைய பட்டியலில் இருக்கும் நாடுகளின் 1990 எண்ணைத்தான் தளம் கூட்டித் தருகிறது. 2024 ஜூலைப் பட்டியலில் அந்தப் பிரிவில் 26 நாடுகள். 1990-களின் தொடக்கத்தில் அதில் இருந்த சீனாவும் இந்தியாவும் வளர்ந்து வெளியேறிவிட்டன. தங்கள் வரலாற்றையும் மேல் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியவை வளராத நாடுகள். பிறகு 'ஏழை நாடுகள் வளரவில்லை' என்று அந்த வரைகோட்டைக் காட்டிச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? முழுக் கோப்பைப் பதிவிறக்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நாடுகளின் பெயர்களோடு 'அரபு உலகம்', 'யூரோ பகுதி' போன்ற தொகுப்புகளும் அதே நிரலில் வரும். நீக்காமல் ஓட்டினால் அவையும் நாடுகளாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வணிகத்துக்கு இந்தத் தளம் போதாது. மொத்த ஏற்றுமதி, இறக்குமதி, சராசரிச் சுங்க வரி என்ற அளவுக்கு மேல் போக வேண்டுமானால் ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளம்தான் வழி. 1962 முதல், நாடு வாரியாக, பொருள் வாரியாக இருக்கிறது. அங்கே ஒரே சரக்குக்கு இரண்டு சாட்சிகள்: அனுப்பிய நாட்டின் ஏற்றுமதிக் கணக்கு, பெற்ற நாட்டின் இறக்குமதிக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போவது அரிது. இறக்குமதியில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும், ஏற்றுமதியில் சேராது. அது சிறிய வேறுபாடு. பெரிய வேறுபாட்டுக்குச் சாம்பியாவைப் பாருங்கள். அதன் செம்பு ஏற்றுமதியில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துக்குப் போனதாகச் சாம்பியாவின் பதிவு சொல்லும். சுவிட்சர்லாந்தின் இறக்குமதிப் பதிவில் அந்தச் செம்பு இருக்காது. வாங்கிய வணிக நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன, உலோகம் வேறு துறைமுகத்தில் இறங்குகிறது. யாரோடு யார் வணிகம் செய்கிறார்கள் என்று ஆராய்கிறவர் இரண்டு சாட்சிகளையும் சரிபார்த்து இணைத்த தொகுப்பைத் தேட வேண்டும். பிரான்சின் செபி என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் வெளியிடும் 'பாசி' அப்படிப்பட்டது, இலவசமும்கூட. இருதரப்பு வணிகம் என்றால் என் மாணவர்களை நேராக அங்கேதான் அனுப்புகிறேன்.

நீண்டகால வளர்ச்சிக்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு: பென் உலக அட்டவணை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இப்போது நெதர்லாந்தின் குரோனிங்கனில் பராமரிக்கப்படுகிறது. 2021-இல் வந்த பத்தாம் பதிப்பு 183 நாடுகளை 1950 முதல் 2019 வரை தருகிறது. மூலதன இருப்பு, கல்வி வழி மனித மூலதனம், உற்பத்தித் திறன் எல்லாம் ஒரே கோப்பில். வாழ்க்கைத் தரத்துக்கு ஓர் உற்பத்தி வரிசை, உற்பத்தி ஆற்றலுக்கு ஒன்று, காலப்போக்கிலான வளர்ச்சிக்கு ஒன்று என்று தனித்தனியே பிரித்து, எதை எதற்கு எடுக்க வேண்டும் என்று விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். உலக வங்கித் தளத்தில் இந்தத் தெளிவு இல்லை. ஆனாலும் பதிப்பு எண்ணைக் குறிக்காமல் இதையும் பயன்படுத்தாதீர்கள். சைமன் ஜான்சன், அரவிந்த் சுப்பிரமணியன் உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் இதன் 6.1, 6.2 ஆகிய அடுத்தடுத்த இரு பதிப்புகளை ஒப்பிட்டார்கள். 1975 முதல் 1999 வரையிலான வளர்ச்சியில் எக்குவடோரியல் கினி ஒரு பதிப்பில் ஆப்பிரிக்காவின் முன்வரிசையில் நின்றது, மற்றதில் கடைசியில். ஆண்டு வாரியான வளர்ச்சியை நம்பிய ஆய்வுகள் பதிப்பு மாறியதும் ஆட்டம் கண்டன, நீண்டகால அளவுகளை நம்பியவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. எந்தக் கேள்வியை எந்தத் தரவிடம் கேட்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

கொள்கையை அளக்கும் குறியீடுகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. தொழில் நடத்துவது எந்த நாட்டில் எளிது என்று உலக வங்கி வெளியிட்டுவந்த தரவரிசை பல அரசுகளின் சட்டங்களையே மாற்ற வைத்தது. 2018, 2020 அறிக்கைகளின் தரவில் முறைகேடுகள் தெரியவந்து, 2021 செப்டம்பரில் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய அறிக்கை 2024 அக்டோபரில் 50 பொருளாதாரங்களோடு தொடங்கியிருக்கிறது. பழைய தரவரிசையை விளக்க மாறியாக (விளைவுக்குக் காரணமாகக் கொள்ளும் அளவாக) வைத்த ஆய்வேடு இன்னும் என் மேசைக்கு வருகிறது, திருப்பி அனுப்புகிறேன்.

உலக வங்கித் தளத்தை நடத்துகிறவர்களிடம் கேட்க எனக்கு இரண்டே கோரிக்கைகள். ஒன்று, பழைய பதிப்புகளின் காப்பகத்தை ஒவ்வொரு குறியீட்டின் பக்கத்திலும், வரைபடத்துக்கு அடியிலேயே ஒரு பொத்தானாக வையுங்கள். இரண்டு, அடிக்குறிப்புகள். 'இந்த ஆண்டில் கணக்கிடும் முறை மாறியது', 'இது ஊழியர்களின் மதிப்பீடு' என்பன போன்ற செய்திகள் முழுக் கோப்பில் தனி அட்டவணையாக வருகின்றன. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அட்டவணையை அழித்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்து நிரலிலேயே அதன் குறிப்பை வைத்தால் கோப்பு பெருக்கும், பெருக்கட்டும். அதுவரை, என்னிடம் ஆய்வேடு கொண்டுவருகிறவர்கள் தரவு எடுத்த நாளையும் அடிக்குறிப்பு அட்டவணையையும் இணைப்பாகச் சேர்த்தே கொண்டுவர வேண்டும். இல்லாத ஆய்வேட்டை நான் படிக்கத் தொடங்குவதில்லை.